பச்சை ஆற்று மீனும் பித்தநாளப் புழுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் கொன் கேன் நகரில் மூன்று வருடம் கணினி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். மருத்துவன் இல்லை. ஆனால் அந்த ஊரில் இருந்துகொண்டு, பச்சை ஆற்று மீன் வழியாக வரும் இந்தப் பித்தநாளப் புழுவைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது. பேருந்து நிறுத்தத்தில் படம் போட்டு எச்சரித்திருப்பார்கள், பக்கத்து மேசைக்காரரின் மாமா அந்த நோயில்தான் போயிருப்பார். தாய்லாந்து, வியட்நாம், சிங்கப்பூர் என்று கிளம்புகிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன புழு? நம்ம ஊர் வயிற்றுப் பூச்சிதானே?

இல்லை. நம் ஊரில் வயிற்றுப் பூச்சி என்றால் உருளைப்புழு, கொக்கிப்புழு, கீரிப்பூச்சி. இவை மண்ணிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும் வந்து குடலில் குடித்தனம் நடத்துபவை. பச்சை நன்னீர் மீனிலிருந்து வருவதில் ஆபத்தானது தட்டைப்புழு. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கம் இருப்பதற்கு ஒபிஸ்தார்கிஸ் விவெரினி என்று பெயர். சீனா, கொரியா, வட வியட்நாமில் இருப்பது குளோனார்கிஸ் சைனன்சிஸ். சைபீரியாவில் ஓப் ஆற்றங்கரை ஊர்களில் இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு.

பார்க்கச் சின்ன வேப்பங்கொழுந்து மாதிரி, தட்டையாக, 7 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வாய் வழியாக வந்து சிறுகுடலில்தான் முதலில் இறங்குகிறது, ஆனால் அங்கே தங்குவதில்லை. கல்லீரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுவரும் பித்தநாளம் சிறுகுடலில் திறக்கிற அந்தச் சின்ன வாசலைக் கண்டுபிடித்து மேலே ஏறிப்போய், கல்லீரலுக்குள் கிளை பிரிந்து ஓடும் பித்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு பத்து வருடத்துக்கு மேலும் வாழும். முட்டை மட்டும் பித்தத்தோடு இறங்கி மலத்தில் வெளியே போகும்.

ஏன் அந்தப் பகுதியில் மட்டும் இவ்வளவு?

சாப்பாடுதான். கொன் கேன் இருக்கும் வடகிழக்குத் தாய்லாந்தை ஈசான் என்பார்கள். நம் வீடு கட்டும் ஆட்கள் ஈசான மூலை என்று சொல்கிறார்களே, அதே வடமொழிச் சொல்தான், வடகிழக்கு என்ற அதே பொருள்தான். அங்கே கோய் பிளா என்று ஒரு பதார்த்தம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்த்தவரின் கிராமத்துக்குப் போயிருந்தேன். அவருடைய சித்தப்பா குளத்தில் வலை வீசி, விரல் நீளக் கெண்டைகளாக ஒரு வாளி கொண்டுவந்தார். செதிலை எடுத்து, புளியமரக் கட்டையின் மேல் வைத்து, இரண்டு கையிலும் கத்தியோடு கொத்த ஆரம்பித்தார், டக்டக்கென்று, முள்ளும் சதையும் சேர்ந்து கூழாகும் வரை. அதில் வறுத்து இடித்த அரிசிப் பொடி, மிளகாய்த் தூள், மீன் சாறு, சின்ன வெங்காயம், புதினா, கடைசியில் எலுமிச்சம்பழம் இரண்டு. பத்து நிமிடத்தில் முடிந்தது, அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள். நான் தொடவே இல்லை என்று சொல்ல ஆசைதான். ஒரு வாய் சாப்பிட்டேன். சித்தப்பா கையால் ஊட்டாத குறையாக நீட்டும்போது மறுக்க வாய் வரவில்லை. ருசியாகவும் இருந்தது, அதுதான் பிரச்சினையே.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். வயலில் வேலை நடக்கிற இடத்தில் விறகு இல்லை, சட்டி இல்லை, மீன் மட்டும் காலடியில் கிடக்கிறது என்கிற வாழ்க்கையிலிருந்து பிறந்த சாப்பாடு அது. அப்பனும் பாட்டனும் சாப்பிட்டது. வெளியூர்க்காரன் போய் 'சாப்பிடாதே' என்றால் சிரிப்பார்கள். இதையே எண்ணெய் இல்லாமல் சட்டியில் புரட்டி வேக வைத்துச் செய்வதும் உண்டு, அதற்குக் கோய் பிளா சுக் என்று பெயர். சுக் என்றால் வெந்தது. இன்பத்துக்கும் அவர்கள் மொழியில் உச்சரிப்பு அதேதான், அது நம்ம சுகம்.

மீனுக்குள் புழு எப்படிப் போகிறது?

புழு பிடித்த மனிதர் அல்லது பூனை, நாயின் மலம் மழையில் அடித்துக்கொண்டு குளத்துக்குப் போகிறது. அதிலிருக்கும் முட்டையைப் பித்தினியா என்ற சின்ன நத்தை தின்கிறது. நத்தைக்குள் ஒன்று பலவாகப் பெருகி, வால் முளைத்த நுண்புழுக்களாகத் தண்ணீரில் நீந்தி வெளியே வருகின்றன. பிறகு கெண்டை இன மீனின் தோலைத் துளைத்து உள்ளே போய், சதையில் ஓர் உறைக்குள் சுருண்டு படுத்துக் காத்திருக்கின்றன. அந்த மீனை நாம் பச்சையாகத் தின்றால் வட்டம் முடிந்தது. கடல் மீனில் இந்தப் புழு இருக்காது, அதற்கு அந்த நத்தையும் நன்னீரும் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த நண்பர் ஒருவர் ஒருநாள் நுண்ணோக்கியில் காட்டினார். முட்டை வடிவக் கூடு, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், உள்ளே ஒரு கரும்புள்ளியோடு புழு மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் மீன் பளபளவென்று நல்ல மீன்தான். அதனால் 'நான் பார்த்துத்தான் வாங்குவேன்' என்பவர்களுக்கு ஒரு கும்பிடு.

எலுமிச்சை பிழிந்தால் செத்துவிடாதா? சதை வெள்ளையாக மாறி வெந்த மாதிரி ஆகிறதே?

இந்தக் கேள்விக்கு அந்த நண்பர் சொன்ன பதிலைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. மீனில் புழு இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மீனை அரைத்து, நம் இரைப்பையில் இருப்பது போன்ற அமிலத்தையும் பெப்சின் என்ற செரிமான நொதியையும் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைக்கிறார்கள். சதை எல்லாம் கரைந்து போகிறது, புழுக் கூடுகள் மட்டும் அடியில் நிற்கின்றன, உயிரோடு. இரைப்பை அமிலத்தைக் கடந்து குடலுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும் என்றே அமைந்த கூடு அது. எலுமிச்சம்பழம் அதற்கு ஒரு பொருட்டா? சதை வெளுப்பது புரதம் மாறுவதால், புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேலே ஒரு பெக் சாராயம்?

அங்கேயும் இதைத்தான் சொல்கிறார்கள். சாகாது. மிளகாய்க் காரத்துக்கும் சாகாது.

புளிக்க வைத்த மீன்? பப்பாளிக்காய் சாலட்டில் போடுகிறார்களே?

இதில் இரண்டு விதம். பிளா ரா என்பது உப்பும் அரிசித் தவிடோ வறுத்த அரிசிப் பொடியோ போட்டு மாதக்கணக்கில் ஊற வைப்பது. உப்பு கூடுதலாக, காலம் நீளமாக இருந்தால் புழு தாங்காது. பிளா சோம் என்பது சில நாள் மட்டும் புளிக்க வைப்பது, அதில் உப்பும் குறைவு, நாளும் குறைவு, புழு பிழைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. கடைக்காரர் எத்தனை நாள் ஊற வைத்தார் என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. சோம் தம் என்ற அந்தப் பப்பாளிக்காய் சாலட்டை வாங்கும்போது பிளா ரா கொதிக்க வைத்ததா என்று கேளுங்கள், பிளா ரா சுக் என்றால் புரியும். சந்தேகம் இருந்தால் அது போடாத சோம் தம் கேளுங்கள், அதுவும் கிடைக்கும்.

புழு உள்ளே இருந்தால் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. கொஞ்சம் அசதி, வயிறு ஊதல், வலது விலாவுக்குக் கீழே லேசான வலி, அவ்வளவுதான், அதையும் வாயு என்று சொல்லிவிடுவோம். புழு எண்ணிக்கை அதிகமானால் பித்தநாளத்தில் அழற்சி, காய்ச்சல், கல், மஞ்சள் காமாலை என்று போகும். வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்துவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் ஒருநாள் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான் அங்கே நிறைய.

புற்றுநோய் வரும் என்கிறார்களே, சும்மா பயமுறுத்தலா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே ஒபிஸ்தார்கிஸ் விவெரினியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கிற அதே பிரிவு. குளோனார்கிஸும் 2009-இல் அதில் சேர்ந்தது. வருவது பித்தநாளப் புற்றுநோய், உலகத்திலேயே அது மிக அதிகமாகப் பதிவாகும் இடம் கொன் கேன் வட்டாரம்.

காரணம் ஒன்று மட்டும் இல்லை. புழு தன் உறிஞ்சிகளால் குழாயின் உள்சுவரைப் பிடித்துப் பிடித்துப் புண்ணாக்குகிறது. அது கக்கும் கிரானுலின் என்ற புரதம் செல்களை வேகமாகப் பெருகச் சொல்லித் தூண்டுகிறது. புண் ஆறி, மறுபடி புண்ணாகி, இப்படியே இருபது முப்பது வருடம். புளித்த மீனில் இருக்கும் நைட்ரோசமைன் என்ற, புற்றுநோயைத் தூண்டும் வேதிப்பொருள்கள் வேறு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அறுவை செய்தால்தான் பிழைக்க வழி, ஆனால் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் கை மீறியிருக்கும். கொன் கேன் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் நரோங் குந்திகேவ் தன் அப்பா அம்மா இருவரையுமே இந்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரும் அவருடைய குழுவினரும் கிராமம் கிராமமாக ஸ்கேன் கருவியோடு போகிறார்கள். 2013-இல் இதற்கென்றே ஒரு பரிசோதனைத் திட்டம் தொடங்கினார்கள்.

புழு வந்த எல்லோருக்கும் புற்றுநோய் வராது, சிறு பங்கினருக்குத்தான் வரும். ஆனால் இலட்சக்கணக்கானவர்களுக்குப் புழு இருக்கிற இடத்தில் அந்தச் சிறு பங்கே பெரிய கூட்டம்.

மருந்து இருக்கிறதல்லவா? சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் போச்சு?

இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான். பிராசிகுவான்டல் என்று நல்ல மாத்திரை இருக்கிறது. எடைக்கு ஏற்ற அளவில் ஒரே வேளையாகவோ, நாளைக்கு மூன்று வேளை வீதம் இரண்டு நாளோ கொடுப்பார்கள், பெரும்பாலான புழுக்கள் செத்து வெளியேறும். தலைசுற்றல், குமட்டல் வரும், மாத்திரை கசப்பாகக் கசக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த மாத்திரை தடுப்பூசி இல்லை. இன்றைக்குப் போட்டுவிட்டு அடுத்த வாரம் மறுபடி கோய் பிளா தின்றால் மறுபடி புழுதான். அங்கே எத்தனையோ பேர் அப்படித்தான் செய்தார்கள்: வருடம் முழுக்கத் தின்பது, வருடத்துக்கு ஒருமுறை மாத்திரை, 'சுத்தமாகிவிட்டது' என்று திரும்பவும் தின்பது. பித்தக் குழாயின் கணக்கில் ஒவ்வொரு முறையும் புதுப் புண், புது அழற்சி. மாத்திரை புழுவைக் கொல்லும், குழாயில் விழுந்த தழும்பை எல்லாம் துடைத்துவிடாது. மருந்து கையில் இருக்கிறது என்ற தைரியமே தின்னச் சொல்கிறது என்பதுதான் கொடுமை.

நாடு தழுவி மாத்திரையும் பிரசாரமும் நடத்தியதில் பலன் இல்லாமல் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஈசானில் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் புழு இருந்தது, 2009 கணக்கெடுப்பில் 16.6 சதவீதம். ஆனால் நன்றாக வேலை செய்தது கொன் கேன் பக்கத்து லாவா ஏரிக் கரையில் ஆய்வாளர் பஞ்சோப் சிரிபாவும் சகாக்களும் நடத்திய முயற்சிதான் என்பது என் அபிப்பிராயம். மாத்திரையோடு நிற்காமல், பள்ளிப் பிள்ளைகள், ஊர்ச் சுகாதாரத் தொண்டர்கள், அவர்கள் ஊர்ப் பாட்டு என்று எல்லாவற்றையும் பிடித்தார்கள். நத்தையையும் மீனையும் கூடவே சோதித்தார்கள். 60 சதவீதம் அளவில் இருந்த தொற்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

வருடா வருடம் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை இதற்குக் கேட்காதா?

கேட்காது. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. அது உருளைப்புழு, கொக்கிப்புழு வகையறாவுக்கு. பித்தநாளத்தில் இருக்கும் தட்டைப்புழுவை அந்த ஒற்றை மாத்திரை ஒன்றும் செய்யாது. 'போன மாதம்தான் பூச்சி மாத்திரை போட்டேன்' என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால்?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு: மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் முழுதாக 7 நாள், அல்லது மைனஸ் 35-இல் கல்லாக உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரம். மிகத் தடிமனான மீனுக்கு இதுவும் போதாமல் போகலாம். வீட்டு ஃப்ரீசர், அதுவும் குழந்தைகள் ஐஸ்கிரீமுக்காக நாளைக்கு இருபது முறை திறக்கிற ஃப்ரீசர், மைனஸ் 20-ஐ எட்டுகிறதா என்பதே சந்தேகம். வேக வைப்பது இதைவிட எளிது. மீனின் நடுப்பகுதி 63 டிகிரிக்கு வந்தால் போதும், சதை உதிர்ந்து முள்ளை விட்டுப் பிரிகிற பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் சுஷி சாப்பிடுகிறேனே, அதுவும் இப்படித்தானா?

சுஷியில் வருவது பெரும்பாலும் கடல் மீன், அதில் இந்தத் தட்டைப்புழு கிடையாது. கடல் மீனுக்கு அனிசாகிஸ் என்று தனிப் புழு உண்டு, முறையாக உறைய வைத்தால் சாகும். சால்மன் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வருகிற மீன். காட்டுச் சால்மனில் நாடாப்புழு இருக்கலாம், பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்ததில் அந்த ஆபத்து மிகக் குறைவு. பச்சை ஆற்று மீனை 'சுஷி மாதிரி' என்று யாராவது பரிமாறினால் எழுந்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் பச்சை மீனைத் தடை செய்தது இந்தப் புழுவுக்காகவா?

இல்லை, அது வேறு கதை, ஆனால் அங்கே நம் ஆட்கள் நிறைய இருப்பதால் சொல்ல வேண்டியது. 2015-இல் உணவுக் கடைகளில் கஞ்சியோடு பச்சை நன்னீர் மீன் துண்டுகளைச் சாப்பிட்ட பலருக்கு பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இரத்தத்தில் பரவியது, சிலருக்கு மூளைக்காய்ச்சல்வரை போனது. கெண்டை இனத்து மீனும், தோமான் என்று அங்கே சொல்லும் பெரிய விரால் வகையும்தான் அதில் போட்டது. அந்த டிசம்பரிலேயே, அப்படியே சாப்பிடத் தரும் உணவில் பச்சை நன்னீர் மீன் விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். உறைய வைத்தால் புழு சாகும், பாக்டீரியா முழுக்கச் சாகாது.

ஆற்று மீனில் வேறு என்ன புழு வரும்?

மீன் நாடாப்புழு, குடலுக்குள் பத்து மீட்டர்வரை வளரும். நம் வைட்டமின் பி12-ஐ அதுவே சாப்பிட்டுவிடுவதால் சிலருக்கு இரத்தசோகை வரும். மேல்நாட்டு யூதக் குடும்பங்களில் மீன் உருண்டை செய்கிற பெண்கள் உப்பு பார்க்கப் பச்சை விழுதை நாக்கில் வைத்ததால் இது வந்தது என்பது பழைய மருத்துவப் பாடம். விரால், விலாங்கு வகைகளிலிருந்து வரும் நாதோஸ்டோமா தோலுக்கடியில் ஊர்ந்துகொண்டே இருக்கும், இன்று தோளில் வீக்கம், அடுத்த வாரம் கன்னத்தில். பிலிப்பைன்ஸில் 1960களில் கேபிலேரியா என்ற நூல் மாதிரிப் புழுவால் தீராத வயிற்றுப்போக்கு வந்து பலர் இறந்தார்கள். இந்தியாவில் மணிப்பூர் பக்கம் அரைவேக்காட்டு ஆற்று நண்டிலிருந்து நுரையீரல் புழு வருகிறது, இருமலில் இரத்தம் வருவதால் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான மருந்து சாப்பிடுகிறார்கள்.

ஹைதராபாத்தில் ஆஸ்துமாவுக்கு உயிருள்ள விரால் குஞ்சை விழுங்குகிறார்களே?

ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி என்ற நாளில் நடப்பது. ஆஸ்துமா அதனால் குணமாகும் என்பதற்கு நிரூபணம் இல்லை. மருந்து என்று பெயர் வைத்தாலும் பச்சை நன்னீர் மீன் பச்சை நன்னீர் மீன்தான். சைவர்களுக்கு மீன் இல்லாமல் வெல்லத்தில் வைத்தும் கொடுக்கிறார்கள், போயே தீருவேன் என்பவர்கள் அந்த வரிசையில் நிற்கலாம்.

அப்போது நம்ம ஊர் ஏரி மீன், ஆற்று மீன் சாப்பிடலாமா?

தாராளமாக. ஜிலேபிக் கெண்டையோ விராலோ, புளி கரைத்துத் தளதளவென்று கொதிக்கிற குழம்பில் போட்டால் எந்தப் புழுவும் மிஞ்சாது. வறுவலில் மட்டும் கவனம்: வெளியே மொறுமொறுவென்று கருகி, முள் பக்கம் பச்சையாக இருக்கும் தடித்த துண்டு. கீறிவிட்டு, தீயைக் குறைத்து வறுங்கள். மீன் வெட்டிய அரிவாள்மனையிலும் பலகையிலும் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு ஒட்டுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம். முட்டை நேராக நம்மிடம் வந்து ஒன்றும் செய்யாது, நத்தை, மீன் இரண்டையும் கடந்துதான் வர வேண்டும். பச்சை மீன் கழிவைப் பூனைக்குப் போடாதீர்கள், அதற்கும் வரும். விவெரினி என்ற பெயரே மீன்பிடிப் பூனையின் விலங்கியல் பெயரிலிருந்து வந்தது, 1886-இல் முதலில் கண்டது அந்தப் பூனையின் உடலில்தான்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். இப்போது என்ன செய்ய?

பதறாதீர்கள், மறுநாளே ஓடிப்போய்ச் சோதித்தும் பயனில்லை. புழு வளர்ந்து முட்டையிட நாலு வாரம் ஆகும், அதற்குப் பிறகுதான் மலத்தில் முட்டை தெரியும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒரே நாள் மாதிரியில் தப்பிவிடலாம் என்பதால் இரண்டு மூன்று நாள் மாதிரி கொடுங்கள். எந்த நாட்டில், என்ன மீன், எப்போது சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் இங்கே யாருக்கும் இந்தப் புழு நினைவுக்கு வராது. என்னிடம்கூட ஒரு டாக்டர் 'அல்சரா?' என்றுதான் ஆரம்பித்தார். மருந்துக்கடையில் பிராசிகுவான்டலை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கண்ணிலோ மூளையிலோ பன்றி நாடாப்புழுவின் கட்டி இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை விபரீதமாகலாம், அந்தக் கட்டி நம் நாட்டில் அரிதும் இல்லை. வருடக்கணக்கில் பச்சை மீன் சாப்பிட்டவர் என்றால் வயிற்று ஸ்கேனும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அந்த ஒரு வாய்க்கு ஆறு வாரம் காத்திருந்து, மூன்று நாள் டப்பாவோடு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தேன். மூன்றிலும் முட்டை இல்லை. அடுத்த முறை கிராமத்துக்குப் போனபோது சித்தப்பாவிடம் எனக்கு மட்டும் சுக் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சட்டியை எடுத்தார். தனக்குக் கொத்தியதை அப்படியேதான் சாப்பிட்டார்.